டி.சி. கிடைத்தது, ஒரு பருவம் போனது

காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏழாம் வகுப்புப் பிள்ளையை சி.பி.எஸ்.இ.யிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்றினோம். புதுப் பள்ளியில் இடம், சீருடை, வேன் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டன. மாட்டிக்கொண்டது பழைய பள்ளியில், டி.சி. என்ற மாற்றுச் சான்றிதழை வாங்குவதில்தான்.

முதல் நாள் கிளார்க் லீவு. அடுத்த முறை, மீதி வருடத்துக்கும் ஃபீஸ் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலேயே சொல்லிவிட்டது. அதைக் கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. விண்ணப்பத்தை இரண்டு படி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் கேளுங்கள். முத்திரை கேட்ட பிறகுதான் எங்கள் கோப்பு நகர்ந்தது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்ப்பதென்றால் இவ்வளவு அலையவே வேண்டாம்: டி.சி. தாமதம் என்று சேர்க்கையைத் தள்ளிப்போட கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

டி.சி.யை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரோடு, எந்த வகுப்பில் படிக்கிறார் என்ற வரி மார்க் ஷீட்டோடு ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு இனிஷியலால் இன்னொரு நடை.

காகிதம் கையில் இருந்தாலும் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில், பிள்ளை பழைய பள்ளியிலேயே இருப்பான். பழைய பள்ளி அவன் பெயரை அதிலுள்ள காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் ஏற்ற முடியும். "சர்வர் வேலை செய்யல, அப்புறம் பண்றோம்" என்பார்கள். டி.சி. வாங்கும்போதே எதிரில் உட்கார்ந்து விடுவிக்கச் சொல்லுங்கள்.

இத்தனை அலைச்சலில் கேட்க மறந்தது ஒன்றே ஒன்று: பாடம் எங்கே ஓடுகிறது? மாநிலப் பாடத்திட்டத்தில் ஏழாம் வகுப்புக்குப் பருவத்துக்கு ஒரு புத்தகம். அக்டோபரில் சேரும் பிள்ளைக்கு இரண்டாம் பருவப் புத்தகம்தான் கையில் வரும். முதல் பருவத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நேர் விகிதமும் எதிர் விகிதமும் அந்த முதல் பருவத்தில் முடிந்துபோன பாடம். சி.பி.எஸ்.இ.யிலோ அது எட்டாம் வகுப்புக்கு உரியது. ஆக, இரண்டு பக்கமும் இல்லை. 6 ஆட்கள் 10 நாளில் முடிக்கும் வேலையை 12 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பையன் 20 என்று எழுதியிருந்தான். பெருக்கல் சரி, கணக்குதான் தலைகீழ். "கவனமில்லை" என்று நோட்டில் சிவப்பு மையில் குறிப்பு. கவனக்குறைவு இல்லை அது, நடத்தாத பாடம்.

தமிழிலும் இதே கதை. குற்றியலுகரம் முதல் பருவத்தில். 'பாக்கு' என்ற சொல்லில் கடைசி உகரம் ஏன் குறுகுகிறது என்று தெரியாமல் அடுத்த இலக்கணத்துக்குப் போனால் எல்லாம் மனப்பாடம்தான்.

சேர்க்கும் நாளிலேயே கணக்கு, தமிழ் ஆசிரியர்களைப் பார்த்து, முடிந்த பாடங்களின் பெயரை எழுதி வாங்குங்கள். முதல் பருவப் புத்தகத்தைப் பள்ளியில் கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார்கள். பாடநூல் கழகத்தின் பி.டி.எஃப். இணையத்தில் இலவசம். முழுப் புத்தகத்தையும் திணிக்க வேண்டாம், விட்டுப்போன இயல்களை மட்டும் அச்செடுத்தால் போதும். தினம் அரை மணி நேரம் என்று உட்கார்ந்ததில் விகிதம் இரண்டு வாரத்தில் பிடிபட்டது. குற்றியலுகரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.