அப்பாவின் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: புள்ளி முதலில், எழுத்து பிறகு

நேற்று சாயங்காலம் அப்பா ஒரு முழுப் பக்க மனுவை லினக்ஸில் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) அடித்து முடித்தார். நடுவில் என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மூன்று வார உழைப்புக்குக் கிடைத்த பலன் இது. சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அப்பா பாபநாசத்தில் பத்திரம் எழுதியவர். தமிழ் தட்டச்சில் ஹையர் பாஸ். இப்போது தொழிலை விட்டுவிட்டார், ஆனால் ஊருக்கு மனு எழுதுவதை விடவில்லை. மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பதற்குள் வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று வருஷா வருஷம் அவர் கையால்தான் மனு போகும். அவருடைய லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸை ஒரேயடியாக அழிக்கவும் முடியாது. இருபது வருஷத்துப் பத்திர மாதிரிகள் எல்லாம் பழைய எழுத்துருவில் அதற்குள் இருக்கின்றன. எனவே விண்டோஸும் இருக்கட்டும், கூடவே லினக்ஸ் மின்ட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரே டிஸ்க்கில் விண்டோஸின் பகுதியை (பார்ட்டிஷன்) சுருக்கி இடம் பிடிக்கும் வேலைக்கே போகவில்லை. புது 240 ஜிபி எஸ்எஸ்டியை உள்ளே போட்டு, விண்டோஸ் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் கேடியில் (டிஸ்க்கைப் பொருத்தும் சட்டம்) வைத்தேன். கேடி வாங்குபவர்கள் டிவிடி டிரைவின் தடிமனை அளந்துவிட்டு வாங்குங்கள். 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு உண்டு. கும்பகோணத்தில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரர் டிரைவையே கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். நல்ல மனிதர். ரேமும் ஒரு 8 ஜிபி போடலாம் என்று நினைத்தேன். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, இருக்கும் 4 ஜிபியே போதும் என்று மின்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். நன்றாகவே ஓடுகிறது.

நிறுவும்போது கேடியை வெளியே உருவி வைத்துவிட்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். பூட்லோடரை (கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) எஸ்எஸ்டியில் போடு என்று நாம் தேர்ந்தெடுத்தாலும், மின்ட்டை நிறுவும் நிரல் முதல் டிஸ்க்கில் அதற்கென்று இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் எழுதிவிடும். விண்டோஸ் டிஸ்க் உள்ளே இல்லாவிட்டால் அந்தப் பயமே இல்லை. முடிந்ததும் கேடியைச் செருகி, கிரப் என்ற லினக்ஸின் பூட்லோடரைப் புதுப்பித்தேன், விண்டோஸ், மின்ட் இரண்டும் தொடக்கப் பட்டியலில் வந்தன. விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தேன். விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் அதையே உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். மின்ட்டையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினேன். அப்பா காலையில் மணி பார்த்துத்தான் மாத்திரை போடுகிறார், அதில் குழப்பம் வரக்கூடாது.

இத்தனையும் ஒரு சனிக்கிழமையில் முடிந்தது. மீதி மூன்று வாரமும் கீபோர்டுக்குப் போனது.

மின்ட்டில் தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போட்டுக் கொடுத்தேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த நல்ல அமைப்பு அது, நானே அதில்தான் அடிக்கிறேன். அப்பா ஐந்து நிமிஷம் பார்த்தார். "கை போற எடத்துல எழுத்து இல்லப்பா" என்றார். நாற்பது வருஷம் தட்டச்சு மெஷினின் நடு வரிசையில் யளனகப என்று ஓடிய விரல்கள் அவை. அவரை மாறச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

லினக்ஸில் பல மொழிகளில் அடிக்க உதவும் ஐபஸ்ஸோடு, கீபோர்டு அமைப்புகளின் தொகுப்பான எம்17என் சேர்த்தால் தமிழ் டைப்ரைட்டர் அமைப்பு ஒன்று கிடைக்கும். அதைப் போட்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தமிழ் என்று அடிக்க த, ம எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. ஆனால் பத்து வரி போவதற்குள் நின்றுவிட்டார். அவருடைய மெஷினோடு அது முழுதாக ஒத்துப்போகவில்லை. எது ஒத்துப்போகவில்லை என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அது விரலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அந்த மெஷினையே இறக்கினேன். ரிப்பன் காய்ந்து போயிருந்தது. கார்பன் தாளை மேலே வைத்துக் கட்டையைத் தட்டினோம், எழுத்து விழுந்தது. அப்பா ஒவ்வொரு விசையாக, முதலில் ஷிஃப்ட் இல்லாமல், பிறகு ஷிஃப்டோடு தட்டிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பின் எந்த விசை அந்த இடம் என்று குறித்துக்கொண்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. புள்ளி விசையைத் தட்டினால் தாளைத் தாங்கும் வண்டி நகரவில்லை. தாளில் புள்ளி விழுகிறது, உருளை அங்கேயே நிற்கிறது. அடுத்துத் தட்டும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காருகிறது. நகரா விசை. தமிழுக்குத் தட்டச்சு மெஷின் வகுத்த யாழ்ப்பாணத்துக்காரர் முத்தையாவின் யோசனை இது என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆக அப்பாவின் விரலுக்குப் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கொம்பும் அப்படித்தான். கொ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. இன்றைய கணினிகளின் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் எல்லாம் தலைகீழ். மெய் முன்னால், குறி பின்னால். கண்ணுக்குத் தெரியும் வரிசைக்கும் கோப்பில் சேமிக்கும் வரிசைக்கும் நடுவில் யாராவது மாற்றிக் கொடுக்க வேண்டும்.

எம்17என்-இன் அழகு இங்கேதான். அதன் ஒவ்வொரு அமைப்பும் வெறும் எழுத்துக் கோப்பு. இந்த விசை, பிறகு இந்த விசை என்று வந்தால் இந்த எழுத்தைக் கொடு என்று வரி வரியாக எழுதியிருக்கும். டைப்ரைட்டர் அமைப்பின் அந்தக் கோப்பை (மிம் என்பது அதன் வகை) என் ஹோம் அடைவுக்குள் எம்17என் பெயரில் உள்ள மறைவு அடைவுக்கு நகலெடுத்து, அதற்கு வேறு பெயர் கொடுத்து, என் விதிகளைச் சேர்த்தேன். பதினெட்டு மெய், ஜ, ஷ, ஸ, ஹ நான்கு, ஆக 22. ஒவ்வொன்றுக்கும் புள்ளி, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்று ஏழு. மொத்தம் 154 வரி. கையால் அடித்தால் பிழை வரும் என்று பைதானில் ஒரு சின்ன நிரல் எழுதி எடுத்தேன்.

முதல் நாள் எல்லாம் சரியாக வந்த மாதிரிதான் இருந்தது. இரண்டாம் நாள் அப்பா, கொள்ளிடக் கரை பற்றிய மனுவில் "கொள்ளிடம்" என்று தேடினார். நான் தமிழ்99-இல் அடித்துக் கொடுத்த முதல் பத்தியில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் அடித்த பத்திகளில் மட்டும் கிடைத்தது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. அரை நாள் தேடி அலைந்தேன். என் நிரல் கொ-வை க, கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகக் கொடுத்திருந்தது. தமிழ்99 அதையே க, ஒகரக் குறி என்று இரண்டாகக் கொடுக்கிறது. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடினால் சமம் இல்லை. நிரலில் ஒகரம், ஓகாரம் இரண்டையும் ஒற்றைக் குறியாக மாற்றினேன். ஔகாரத்தையும் பார்த்தேன், மெஷின் பழக்கத்தில் கொம்பும் ள-வும் தனித்தனியாக விழாமல் அதுவும் ஒற்றைக் குறியாகவே வருகிறது. சொந்தமாக அமைப்பு எழுதுபவர்கள் இதை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் விசைகளின் மேல் ஒட்ட ஸ்டிக்கர் வாங்கலாம் என்று விசாரித்தேன். கிடைத்ததெல்லாம் தமிழ்99-க்கோ இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு அமைப்புக்கோ உள்ளவை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "கீழ பாத்து அடிக்கிறவனுக்குத்தான் அது" என்றார். சரிதான். எஃப், ஜே விசைகளில் இருக்கும் மேடு மட்டும் தேய்ந்திருந்தது, அதில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டேன். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அடுத்து அந்தப் பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். நானூறுக்கு மேல் இருக்கும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று, நம் வீட்டில் இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. அந்தக் கோப்புகளில் கொம்பு முன்னால் இருப்பதால், இந்த 154 வரி அட்டவணையே பாதி வேலைக்கு உதவும் என்று நினைக்கிறேன். மன்னார்குடி அத்தையும் தன் லேப்டாப்புக்கு இதே மாதிரி வேண்டும் என்கிறார். அவருடையதில் டிவிடி டிரைவ் இல்லை, ஒரே டிஸ்க். அதற்கு வேறு வழி யோசிக்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஷிஃப்டில் வரும் கு, து, மு வரிசையில் ஒரு விசை இன்னும் இடம் மாறி இருக்கிறது என்கிறார் அப்பா. எது என்று இப்போதும் அவரால் சொல்ல முடியவில்லை. மெஷின் இன்னும் கூடத்து மேஜையில்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு மறுபடி கார்பன் தாளோடு உட்காரப் போகிறோம்.