கரண்டியில் ஒரு சீனிப் பாடம்

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் காலமான செய்தி பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் வந்தது. பழைய மாணவர் மலருக்கென்று பாதி எழுதியிருந்த கட்டுரையை அப்படியே வைத்துவிட்டேன். சேரைப் பற்றி எழுதாமல் வேறெதை எழுதுவது?

எட்டாம் வகுப்பில் பௌதிக மாற்றம், இரசாயன மாற்றம் படித்துக்கொண்டிருந்தோம். கோதுமையை அரைத்தால் எது என்று கேட்டார். முந்திக்கொண்டு எழுந்தேன். "இரசாயன மாற்றம் சேர், மாவைத் திரும்பக் கோதுமை ஆக்க முடியாதே." வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்தார். மணி அடிக்கும்வரை வாங்கில் ஏறி நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

பாடசாலை விட்டதும் ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டார். ஒரு கரண்டி சீனியை விளக்கின் மேல் பிடித்தார். ஓரத்துச் சீனி முதலில் கசிந்தது, பொன்னிறமானது, தேன் நிறத்துக்கு வந்தது, நுரைத்துப் புகைந்து கடைசியில் கரியாய் நின்றது. இன்னொரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றி யன்னலோரம் வைத்தார். சில நாளில் தண்ணீர் வற்றிச் சீனி பளிங்காகத் திரும்பியது.

"திரும்பி வருமா என்று மட்டும் பார்க்காதே. புதுப் பொருள் பிறந்ததா என்று பார். மாவில் இருப்பதெல்லாம் கோதுமையில் இருந்ததுதான்" என்றார். அப்புறம், அடுத்த பாடத்தில் என்னையே செய்து காட்ட வைத்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இன்றும் சமையலறையில் அந்தக் கேள்வி கூடவே நிற்கிறது. வெண்ணெய் உருகினால் வெண்ணெய்தான். பால் புளித்தால் பாக்டீரியா லக்டோசை லக்டிக் அமிலமாக்கிவிட்டது. வெட்டிய அப்பிள் பழுப்பாவது நொதியமும் ஒட்சிசனும் சேர்ந்து செய்வது. முட்டைதான் என்னைத் திணறடித்தது. வெண்கரு 60 பாகை செல்சியஸைத் தாண்டினால் புரதத்தின் மடிப்பு அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகுகிறது. புரதச் சங்கிலி அறுவதில்லை, ஆனால் புதுப் பிணைப்புகள் உண்டாகின்றன. அப்படியானால் எது?

2015இல், வேகவைத்த வெண்கருவில் இருந்த லைசோசைம் புரதத்தை அமெரிக்க, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் கருவியில் இட்டுப் பழைய மடிப்புக்கே கொண்டுவந்தார்கள் என்று வாசித்தேன். சேருக்கு உடனே எழுத நினைத்தேன். சரி, அடுத்த விடுமுறையில் நேரில் போய்ச் சொல்லலாம் என்று விட்டேன். விடுமுறைகள் வந்தன, போயின. நான் போகவில்லை.

புதுப் பொருள் பிறந்ததா என்றுதான் முதலில் கேட்டிருப்பார். பதிலை யோசித்து வைத்திருந்தேன்.