ஒழுகும் கொப்பர் பைப்: சோல்டர் ஏன் பிடிப்பதில்லை?

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பழைய பங்களாக்கள் சிலவற்றில் வெந்நீர் லைன் இன்னும் கொப்பர் பைப்தான். எல்போ எனும் வளைவு மூட்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு படிந்து ஒரு சொட்டு தொங்கினால், மூட்டை அடைக்க உருக்கி ஊற்றும் உலோகமான சோல்டர் விட்டுவிட்டது. அதன் மேலேயே இன்னொரு பூச்சு வைக்காதீர்கள். இடுக்கில் அழுக்கு இருக்கும்வரை புது சோல்டர் வெளியே உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. மூட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கீசரின் மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். தண்ணீர் வால்வைப் பூட்டி, ஆகத் தாழ்வான டெப்பைத் திறந்து லைனை வடியவிடுங்கள்.

நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான். தண்ணீர்த் தாங்கி மேட்டில் இருக்கும். பழைய கேட் வால்வு முழுதாக மூடாது. நூல்போல் தண்ணீர் வந்தாலே வேலை கெட்டது. வெள்ளீயமும் செம்பும் கலந்த சோல்டர் உருக 227 பாகை செல்சியஸ் வேண்டும். உள்ளே ஈரமிருந்தால், நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே அது கொதித்துச் சூட்டை வாங்கிக்கொள்ளும். இதற்குக் கைகண்ட வழி, பாண். மேலோடு நீக்கிய வெள்ளைப் பாணை உருட்டி, தண்ணீர் வரும் பக்கத்துப் பைப்புக்குள் ஐந்தாறு அங்குலம் தள்ளி அடையுங்கள். பிறகு தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். டெப் வாயிலுள்ள வலையை மட்டும் முன்பே கழற்றிவிடுங்கள். கீசருக்குள் போகும் லைனில் பாண் வேண்டாம், தாங்கியையே வடியுங்கள்.

பழைய மூட்டைச் சூடாக்கி இழுத்தெடுத்து, சூட்டோடு ஈரத்துணியால் துடையுங்கள். எல்போ புதிதாகவே வாங்குங்கள். பைப் நுனியையும் எல்போவின் உட்புறத்தையும் எமரித் துணியால் புதுச் சதம்போல் மின்னும்வரை தேய்த்து, சோல்டர் பிடிக்க உதவும் பசையான பிளக்ஸை மெல்லியதாகத் தடவி, செருகி ஒரு திருகு திருகுங்கள்.

நெருப்பை எல்போவின் மேல் காட்டுங்கள், சோல்டரின் மேல் அல்ல. எதிர்ப்பக்கத்தில் சோல்டர் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்; உருகினால் நெருப்பை விலக்குங்கள். இடுக்கு அதைத் தானே இழுத்துக்கொண்டு, சுற்றிலும் வெள்ளி வளையம் ஓடும். 15 மில்லிமீற்றர் பைப்புக்கு அதே நீளக் கம்பி போதும். பிளக்ஸ் கருகினால் சூடு மிஞ்சிவிட்டது: கழற்றி, மறுபடி தேயுங்கள். ஆறும்வரை அசைக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. குடிநீர் லைனுக்கு ஈயம் கலக்காத சோல்டர் மட்டுமே.

பங்களாச் சுவரிலும் சீலிங்கிலும் பலகை இருக்கும். பின்னால் தகரம் வைத்து, ஒரு வாளித் தண்ணீருடன் வேலை செய்யுங்கள். முடிந்தபின் ஒரு மணிநேரம் அந்த இடத்தைக் கவனியுங்கள்.

ஆறியதும் மிச்ச பிளக்ஸைத் துடைத்து, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இரவில் மூட்டைச் சுற்றி ஒரு கடதாசி, ஓரடி தள்ளி வெறும் பைப்பில் இன்னொன்று. காலையில் இரண்டும் ஈரமென்றால் குளிரில் பூத்த வியர்வை. மூட்டில் மட்டும் ஈரமென்றால் மறுபடி கழற்ற வேண்டும்.