கருவுறுதல் பாடத்துக்கு ஒரு நுங்கு போதும்

ரிசல்ட் வந்துவிட்டது. நீட்டில் உயிரியல்தான் என்னைக் கரை சேர்த்தது, அதிலும் கருவுறுதல் பகுதி. நம்ம ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேள்வியைப் பார்த்ததும் "இங்கே எதோடு எது சேருது?" என்று கேளுங்கள். விடையை ஓரத்தில் கூட்டல் கணக்காக எழுதுங்கள்.

சாயல்குடிப் பக்கம் நுங்கு சீசனில் ஒன்றை வெட்டி நிதானமாகப் பாருங்கள். வெளிமட்டை சூலகச் சுவர், முழுக்கத் தாய் மரத்துடையது, இருமடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டு. கூட்டலில் வரும் எண்களும் இந்தத் தொகுதிகள்தான். சுளையை ஒட்டி நாம் உரித்தெறியும் மெல்லிய தோல் விதையுறை, அதுவும் தாய்தான். வழுவழுவென்ற சுளை கருவூண் திசு, கருவுக்கு உணவு: சூலுக்குள் இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு ஓர் ஆண் கேமீட் (இனச்செல்), 1+1+1=3. இன்னோர் ஆண் கேமீட் முட்டையோடு சேர்ந்து கரு, 1+1=2. ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898இல் கண்ட இரட்டைக் கருவுறுதல் இவ்வளவுதான். தாய் நான்மடியம், தந்தை இருமடியம் என்று சுற்றி வளைத்துக் கேட்டாலும் பயமில்லை. கேமீட்டுக்குப் பாதித் தொகுதிதான் போகும், அதனால் கருவூண் 2+2+1=5, கரு 2+1=3, விதையுறை 4. இந்தக் கணக்கு கைவந்தால் நெகட்டிவ் மார்க் பயம் பாதி போய்விடும்.

விலங்குகளுக்கு "எங்கே சேருது?" என்று கேளுங்கள். மீன் இறங்கும் நேரத்தில் பாம்பனுக்குப் போனால் ஆண் திருக்கையின் வாலடியில், இடுப்புத் துடுப்பை ஒட்டி, விரல்போல் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். விந்தைப் பெண்ணுக்குள் செலுத்துவது அதுதான். சுறா, திருக்கைக்கு அகக் கருவுறுதல்; எலும்பு மீன்களில் பெரும்பாலானவற்றுக்குப் புறக் கருவுறுதல், தண்ணீரிலேயே. கடல்குதிரை தனி ரகம், ஆணின் பையில் நடக்கும். மனிதரில் கருமுட்டைக் குழாயின் ஆம்புல்லா என்ற அகன்ற பகுதியில். கருப்பை என்று டிக் அடித்துவிடாதீர்கள்.

அப்புறம் உரம், ஆங்கிலத்தில் உரமிடுவதற்கும் fertilization என்றே பெயர். இங்கே எதுவும் சேர்ந்து புது உயிர் வருவதில்லை, இருக்கிற செடிக்குத் தனிமம் போகிறது, அவ்வளவுதான். அதனால் கூட்டலை விட்டுவிட்டுத் தனிமத்தைப் பிடியுங்கள்:

- யூரியாவில் 46% நைட்ரஜன்.
- முண்டு மிளகாய்ச் செடியில் அடி இலை முதலில் மஞ்சளானால் நைட்ரஜனை நினையுங்கள், அது செடிக்குள் இடம் மாறும்.
- கால்சியம் நகராது, குறை கொழுந்தில் தெரியும்.
- காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள்: பயறு வேர்முடிச்சில் ரைசோபியம், அசோலா என்ற நீர்ப் பெரணிக்குள் அனபீனா.

தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு படத்தைப் பார்க்காமல் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் மடிய எண்ணைப் போட்ட இரவுகள்தான் மார்க் தந்தன. பூவின் சூலுக்குள் இருக்கும் கருப்பையின் (embryo sac) ஏழு செல், எட்டு உட்கரு படத்திலிருந்து தொடங்குங்கள்.