பெனோப்ஸ்காட் கூடை: பின்னலுக்கு முந்தைய வேலை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஓல்ட் டவுனை ஒட்டி ஆற்றுக்கு நடுவே இருக்கிறது இந்தியன் ஐலண்ட். பெனோப்ஸ்காட் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள் முடையும் கூடைகளைப் பார்க்கிறவர்கள் பின்னலைத்தான் புகழ்கிறார்கள். பின்னுவது கடைசி வேலை. கூடை உருப்படுமா என்பது மரத்தைப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

மரம் பிரவுன் ஆஷ். ஓடைக்கரையிலும் தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்திலும் வளர்வது. அங்கே நிற்பதெல்லாம் கூடைக்கு ஆகாது. ஏழெட்டு அடிக்காவது கணுவும் கிளையும் இல்லாமல் அடிமரம் நேராகப் போயிருக்க வேண்டும். மேல்தோலின் வெடிப்பு மரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறினால், உள்ளே இழையும் முறுக்கித்தான் இருக்கும். அதில் நேரான பிளாச்சு, அதாவது முடைவதற்கான மெல்லிய பட்டை, எடுக்கவே முடியாது. ஆண்டு வளையம் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது தடித்திருப்பது நல்லது. மிக நெருக்கமாக இருந்தால் அடிக்கும்போதே நைந்துபோகும்.

தோலை உரித்துவிட்டு, கோடரியின் பின்புறத்தால் தடியை நெடுக அடிக்க வேண்டும். வசந்தத்தில் வளரும் மரப்பகுதி பெரிய துளைகள் நிறைந்தது, கோடையில் வளர்வது கெட்டி. அடி விழ விழத் துளைப்பகுதி நொறுங்கி, ஓர் ஆண்டின் வளர்ச்சி ஒரே பிளாச்சாகக் கிளம்பி வரும். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் மேல் கொஞ்சம் ஏறி விழ வேண்டும். விரற்கடை இடம் விட்டுப்போனாலும் அங்கே ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். காய்ந்த தடி சரியாகப் பிரியாது என்பதால் வெட்டியதைத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள்.

உரித்த பிளாச்சு சொரசொரப்பாக இருக்கும். முரட்டு வேலைக்கான கூடை என்றால் சுரண்டினால் போதும். அலங்காரக் கூடைக்கு அதையே இன்னும் இரண்டாகப் பிளக்க வேண்டும். நுனியில் பாதித் தடிமனுக்குக் கத்தியால் கீறி, இரு பக்கமும் சமமாக இழுப்பார்கள். ஒரு பக்கம் தடித்துக்கொண்டே போனால், அந்தப் பக்கத்தைக் கூடுதலாக வளைத்து இழுத்தால் பிளவு நடுவுக்குத் திரும்பும். இந்தக் கைப்பக்குவம்தான் முழுத்தொழிலிலும் கடினமானது என்பேன். பிளந்த உள்முகம் பட்டுப்போல் மின்னும். பிறகு, மரப்பிடியில் சம இடைவெளியில் பற்கள் பதித்த கருவியால் ஒரே அகலமாகக் கீறுவார்கள். முடையும்போது ஈரம் அதிகமானால், காய்ந்தபின் பிளாச்சு சுருங்கி இடுக்கு விழும்.

உப்புச் சதுப்பில் கோடையில் பறிக்கும் ஸ்வீட்கிராஸ் புல்லைக் காயவைத்து, சடையாகப் பின்னி விளிம்பில் சேர்ப்பதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெய்ன் கடற்கரை ஊரான பார் ஹார்பருக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் வாங்கியது இந்த நுண்வேலைக் கூடைகளை. மாநிலத்தின் வடக்கே அரூஸ்டுக் வட்டார வயல்களில் உருளைக்கிழங்கு அள்ளியது முரட்டுக் கூடைகளில்.

கற்றுக்கொள்ள இளைஞர்கள் இல்லாமல் போன நிலையில், 1993-இல் பெனோப்ஸ்காட், பாசமக்குவாடி, மாலிசீட், மிக்மாக் மக்களின் கூடைக் கலைஞர்கள் சேர்ந்து மெய்ன் இந்தியன் பாஸ்கெட்மேக்கர்ஸ் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதை நெடுங்காலம் வழிநடத்திய தெரேசா செகார்டு ஒரு பெனோப்ஸ்காட் கலைஞர். 2016-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலை விருது பெற்றவர். கலை பிழைத்தது. இப்போது ஆபத்து மரத்துக்கு.

ஆசியாவிலிருந்து வந்த எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு 2002-இல் மிச்சிகனில் அடையாளம் காணப்பட்டது. 2018-இல் மெய்னுக்குள் வந்துவிட்டது. அதன் புழு தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று சத்து ஓட்டத்தை அறுத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். பெரும்பாலும் விறகு வழியாகத்தான் வெகுதூரம் பரவுகிறது. ஆகவே வெட்டிய இடத்து விறகை இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. தடியைத் தண்ணீருக்குள் பல வாரங்கள் முழுதாக மூழ்கவைத்தால் புழு செத்துவிடுகிறது, பிளாச்சும் கெடுவதில்லை. பழைய வழக்கம் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

விதை சேகரிப்பதும் அவசரமான வேலை. இந்த மரம் எல்லா ஆண்டும் நன்றாகக் காய்ப்பதில்லை. விதைக்கும் முதலில் வெதுவெதுப்பான ஈரமும் அதன்பின் நீண்ட குளிரும் வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் வசந்தத்தில்தான் முளைவிடும். முதல் ஆண்டில் ஒன்றும் தலைகாட்டவில்லை என்று மண்ணைக் கொட்டிவிடக் கூடாது.