நானும் அக்காவும் மின்னஞ்சலைப் பூட்டிய கதை

அப்பாவின் மருத்துவ அறிக்கைகள், வங்கிக் கணக்கு விவரங்கள், கையெழுத்துப் போட்ட ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் எனக்கும் அக்காவுக்கும் நடுவே பல வருடமாக மின்னஞ்சலில்தான் போய்வந்துகொண்டிருந்தன. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகிற வழியில் கடிதத்தை மறைத்து அனுப்பும் ஏற்பாடு இப்போது பெரும்பாலான சேவைகளில் இருக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, சேவை நடத்துகிறவர்கள் நினைத்தால் படிக்கக்கூடிய வடிவில்தான் அது அங்கே கிடக்கும். நம் பாஸ்வேர்டு யார் கையிலாவது சிக்கினால், பழைய கடிதங்களும் மொத்தமாக அவர்களுக்குத் திறந்துவிடும். இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் கடிதத்தைப் பெறுகிறவர் மட்டுமே திறக்கும்படி பூட்டி அனுப்புகிற பிஜிபி முறையைக் கற்றுக்கொண்டு, அக்காவையும் கூடச் சேர்த்துக்கொண்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அடிப்படை இதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள். பொதுச் சாவியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதை வைத்துப் பூட்டத்தான் முடியும். திறக்கிற தனிச் சாவி நம்மிடம் மட்டுமே இருக்கும். முன்கூட்டி ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளாத இருவர்கூட ரகசியமாகப் பேசிக்கொள்ளலாம் என்ற இந்த யோசனையை 1976-இல் விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டார்கள். அடுத்த வருடமே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டுபிடித்து அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

உண்மையில் முழுக் கடிதமும் பொதுச் சாவியால் பூட்டப்படுவதில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் மென்பொருள் புதிதாக ஒரு தற்காலிகச் சாவியை உருவாக்கி, அதை வைத்துக் கடிதத்தைப் பூட்டுகிறது. பிறகு அந்தத் தற்காலிகச் சாவியை மட்டும் பெறுகிறவரின் பொதுச் சாவியால் பூட்டிக் கூடவே அனுப்பிவிடுகிறது. இது புரிந்ததும் எனக்கிருந்த ஒரு சந்தேகம் தீர்ந்தது: அக்காவின் சாவியால் பூட்டி அனுப்பியதை, 'அனுப்பியவை' பெட்டியில் நானே எப்படித் திரும்பப் படிக்க முடிகிறது? அதே தற்காலிகச் சாவி என் பொதுச் சாவியாலும் பூட்டப்பட்டு இன்னொரு பிரதியாக உள்ளே இருக்கிறது. நாலு பேருக்கு அனுப்பினாலும் பூட்டிய கடிதம் ஒன்றுதான். தற்காலிகச் சாவியின் பிரதிதான் ஆளுக்கு ஒன்று.

பிஜிபியை 1991-இல் பில் சிம்மர்மன் வெளியிட்டார். வலுவான குறியாக்க மென்பொருளை ஆயுத வரிசையில் வைத்திருந்த அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தை மீறினாரா என்று அவர்மேல் பல வருடம் விசாரணை நடந்தது. கடைசியில் 1996-இல் வழக்குப் போடாமலேயே அதைக் கைவிட்டார்கள். அதே முறையில் இயங்கும், இன்று நாம் இலவசமாகப் பயன்படுத்தும் ஜிஎன்யு-பிஜி மென்பொருளை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் காஹ். உலகமே நம்பியிருந்த அந்த மென்பொருளைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பராமரித்துக்கொண்டு, அவர் பண நெருக்கடியில் இருக்கிறார் என்று 2015-இல் செய்தி வந்த பிறகுதான் நன்கொடைகள் குவிந்தன. இப்படி ஒருவர் விடாமல் உழைத்ததால்தான் நம்மைப் போன்றவர்கள் காசு கொடுக்காமல் நம் கடிதத்தைப் பூட்ட முடிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். விண்டோஸில் ஜிஎன்யு-பிஜியை அடக்கிய ஜிபிஜி-ஃபார்-வின் தொகுப்பை நிறுவினால் கிளியோபாட்ரா என்ற மென்பொருளும் கூடவே வரும். அதில் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால் சாவி ஜோடி தயார். வகை என்ன, நீளம் என்ன என்று கேட்கிற இடத்தில் அதுவே காட்டுவதை அப்படியே விட்டுவிடலாம். நான் கவனித்து வைத்தது காலாவதித் தேதியை மட்டும்தான். இரண்டு வருடம் கொடுத்தேன். தனிச் சாவியும் கையில் இல்லாமல், அதைச் செல்லாததாக்கவும் வழியில்லாமல் போனால், அந்தத் தேதிக்குப் பிறகாவது சாவி தானாகச் செத்துவிடும்.

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதற்கு அப்புறம்தான். தனிச் சாவி தொலைந்தால் 'பாஸ்வேர்டை மறந்துவிட்டேன்' என்று யாரிடமும் போய் நிற்க முடியாது. அதுவரை வந்த பூட்டிய கடிதங்கள் எல்லாம் நிரந்தரமாகப் பூட்டியபடியே கிடக்கும். அதனால் முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே தனிச் சாவியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து இரண்டு யுஎஸ்பி டிரைவ்களில் போட்டு, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வெளியே நம்பகமான ஓர் இடத்திலும் வைத்தேன். சாவிக்கான கடவுச்சொல்லைத் தொடர்பில்லாத ஐந்தாறு வார்த்தைகளைக் கோத்து அமைத்து, ஒரு தாளில் எழுதி யுஎஸ்பியோடு சேராமல் தனியாக வைத்தேன். பிறகு வேறொரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, சாவி உண்மையிலேயே உயிரோடு வருகிறதா என்று பார்த்து, பார்த்த பிறகு அதிலிருந்து அழித்தும்விட்டேன். எடுத்து வைத்த பிரதியைத் திறந்து பார்க்காமல் விட்டால், அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இன்னொரு கோப்பும் முக்கியம்: ரத்துச் சான்றிதழ். சாவி திருடுபோனாலோ தொலைந்தாலோ 'இனி இந்தச் சாவி செல்லாது' என்று மற்றவர்களுக்கு அறிவிக்க இதுதான் வழி. சாவியை உருவாக்கும்போதே ஜிஎன்யு-பிஜி இதையும் தானாக எழுதி ஒரு கோப்புறையில் போட்டுவிடுகிறது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். சான்றிதழ் தொடங்குகிற கோடுகளுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. கைதவறி யாராவது அதை இறக்குமதி செய்து சொந்தச் சாவியையே ரத்து செய்துவிடக் கூடாது என்பதற்கான தடுப்பு அது. உண்மையிலேயே ரத்து செய்யும் நாள் வந்தால், அந்த ஒரு புள்ளியை நாமே அழித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அதை அச்சிட்டும் வைத்திருக்கிறேன்.

மின்னஞ்சலுக்கு நான் பயன்படுத்துவது தண்டர்பேர்டு. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து பிஜிபி வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. முன்பு போல எனிக்மெயில் என்ற துணைநிரல் தேவையில்லை. ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: தண்டர்பேர்டு தன் சாவிகளைத் தனியாக வைத்துக்கொள்கிறது. கிளியோபாட்ராவில் உருவாக்கிய சாவி அங்கே தானாகத் தெரியாது, இறக்குமதி செய்ய வேண்டும். கூடவே அமைப்புகளில் முதன்மைக் கடவுச்சொல்லையும் போட்டுவிடுங்கள். அது இல்லையென்றால், கணினியைத் திறந்து உட்காருகிற யாரும் உங்கள் கடிதங்களைப் படிக்கலாம்.

அக்காவுக்கு இவ்வளவு சுற்றுவழி வேண்டாம் என்று தண்டர்பேர்டிலேயே சாவி உருவாக்கச் சொன்னேன். கணக்கு அமைப்புகளில் முனைக்கு முனை குறியாக்கம் என்ற பகுதிக்குப் போய், புதுச் சாவி உருவாக்கி, அதே இடத்திலிருந்து தனிச் சாவியைக் கடவுச்சொல்லோடு ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வேலை சீக்கிரமே முடிந்தது. பிறகு ஒருவருக்கொருவர் பொதுச் சாவியைச் சாதாரண மின்னஞ்சலில் இணைத்து அனுப்பிக்கொண்டோம்.

"அதான் சாவி வந்துருச்சே, அனுப்ப வேண்டியதுதானே?" என்று கேட்டாள்.

"இரு அக்கா. வந்தது உன்னோட சாவிதானான்னு முதல்ல பார்க்கணும்."

பலர் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. என் பார்வையில் மொத்த முறையும் இதில்தான் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் அக்காவின் பெயரையும் முகவரியையும் போட்டு ஒரு சாவி உருவாக்கலாம், மென்பொருள் தடுக்காது. அவளுடைய மின்னஞ்சல் கணக்குக்குள் புகுந்த ஒருவர் தன் சாவியை எனக்கு அனுப்பியிருந்தால், நான் அந்த ஆளுக்குத்தான் கடிதங்களைப் பத்திரமாகப் பூட்டி அனுப்பிக்கொண்டிருப்பேன். இதற்காகத்தான் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரிசை இருக்கிறது. எங்கள் சாவிகளில் அது 40 எழுத்துகள், நான்கு நான்காகப் பத்துத் தொகுதிகள். கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்று பழைய குறிப்புகள் சொல்லும், அதை நம்பாதீர்கள். கடைசி எட்டு ஒத்துப்போகிற போலிச் சாவியை உருவாக்குவது இப்போதைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. பிரபலமான லினக்ஸ் நிரலாளர்களின் பெயரிலேயே அப்படிப்பட்ட போலிகள் 2016-இல், பொதுச் சாவிகளை எல்லோரும் தேடி எடுக்கும்படி வைத்திருக்கும் சாவி சர்வர்களில் அகப்பட்டன.

மின்னஞ்சலில் அனுப்பிய சாவியை மின்னஞ்சலிலேயே சரிபார்ப்பதில் அர்த்தமில்லை. அதனால் ஃபோன் செய்தேன். குரல் அக்காவுடையது என்பதில் சந்தேகமே இல்லை, அதுதான் வேண்டியது. அவள் திரையைப் பார்த்துப் படிக்க, நான் என் திரையில் விரலை வைத்துத் தொடர்ந்தேன். இரண்டாவது தொகுதியிலேயே இடறியது. 'ஏ'யும் 'எய்ட்'டும் ஃபோனில் ஒன்றாகவே கேட்டன. பி, சி, டி, ஈ நான்கும் ஒரே மாதிரி ஒலித்தன.

"எட்டா, ஏ-வா?"

"ஏ-டா. ஆப்பிள் ஏ."

அதற்கப்புறம் எண்களைத் தமிழிலும் எழுத்துகளை ஆப்பிள், பால், கேட், டாக் என்றும் சொல்லிக்கொண்டோம். வருவது ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள்தான், அதனால் ஆறு வார்த்தை போதும். வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம், 'ஓ' என்ற எழுத்து வரவே வராது என்பதையும் முன்பே சொல்லிவிட்டால் இன்னும் சுலபம். பத்துத் தொகுதியும் ஒத்துப்போன பிறகு, என் கைரேகையை நான் படிக்க, அவள் சரிபார்த்தாள். பிறகுதான் இருவரும் தண்டர்பேர்டில் 'கைரேகையைச் சரிபார்த்துவிட்டேன்' என்ற தேர்வைப் போட்டோம். 'ஏற்கிறேன், ஆனால் சரிபார்க்கவில்லை' என்று இன்னொரு தேர்வும் அங்கே இருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

முதல் பூட்டிய கடிதத்தைத் தண்டர்பேர்டில் திறந்தால் எப்போதும் போல எழுத்துகள், மேலே ஒரு பூட்டுப் படம், அவ்வளவுதான். அதே கடிதத்தை உலாவியில் சேவையின் இணையப் பக்கத்திலும் திறந்து பார்க்கச் சொன்னேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று புள்ளிகள். உள்ளே இணைப்பாக ஒரே ஒரு கோப்பு, திறந்தால் வரிவரியாகப் புரியாத எழுத்துகள். "இவ்ளோதான் அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அதைப் பார்த்த பிறகு அவளுக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

மறையாதவையும் உண்டு, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். யார் யாருக்கு எழுதினார்கள், எப்போது, எவ்வளவு பெரிய கடிதம் என்பதெல்லாம் வெளியே தெரியும். தலைப்பைத் தண்டர்பேர்டு மறைக்கிறது. எல்லா மென்பொருளும் மறைப்பதில்லை, ஆகவே தலைப்பில் எதையும் எழுதிவிடாதீர்கள். இணையப் பக்கத்தில் தேடினால் பூட்டிய கடிதத்தின் உள்ளடக்கம் அகப்படாது. ஏற்கெனவே பூட்டாமல் போன கடிதங்களுக்கும் இதனால் பாதுகாப்பு வந்துவிடாது. அப்பாவின் பழைய அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேருடைய அஞ்சல் பெட்டியிலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் இந்த ஏற்பாடு முழுமையாகாது.

அக்கா கடிதம் படிப்பது பெரும்பாலும் ஃபோனில்தான். ஆண்ட்ராய்டில் சாவிகளை வைத்துக்கொள்ளும் ஓப்பன்கீசெயின் செயலியை நிறுவி, கே-9 மெயில் என்ற மின்னஞ்சல் செயலியோடு இணைத்தோம். ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டிலும் இது இதே மாதிரிதான் வேலை செய்யும். தனிச் சாவிக் கோப்பைக் கணினியிலிருந்து ஃபோனுக்குக் கேபிள் வழியாக மாற்றி, ஏற்றி முடித்ததும் ஃபோனில் இருந்த கோப்பை அழித்தாள். தனிச் சாவியை மின்னஞ்சலிலோ அரட்டைச் செயலியிலோ தனக்குத்தானே அனுப்பிக்கொள்வதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பொதுச் சாவியை கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் சர்வரில் ஏற்றியிருக்கிறேன். முகவரி நம்முடையதுதானா என்று அஞ்சல் அனுப்பி உறுதிசெய்த பிறகே அது நம் முகவரியோடு சாவியைத் தேடிக் காட்டும். வேண்டாமென்றால் முகவரியை நீக்கிவிடலாம். பழைய சர்வர்களில் ஒருமுறை ஏற்றியதை எடுக்கவே முடியாது. அக்கா எதிலும் ஏற்றவில்லை. அவளுக்கு எழுதுகிறவர்கள் நாலைந்து பேர்தான், நேரடியாகக் கொடுத்தாலே போதும்.

காலாவதித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டும்படி நாள்காட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தனிச் சாவி கையில் இருக்கும்வரை தேதியை நீட்டித்துக்கொண்டே போகலாம். நீட்டித்த பிறகு பொதுச் சாவியை மறுபடியும் சர்வரில் ஏற்றி, அக்காவுக்கும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவளிடம் இருக்கும் பிரதி பழைய தேதியையே காட்டும். கைரேகை மாறாது, அதனால் அதை ஃபோனில் மறுபடி படித்துக் காட்ட வேண்டியதில்லை.