என் மனைவி ராணுவத்துக்குப் போகிறாள்

மயக்கவியல் மருத்துவரான என் மனைவி, தன் 33ஆம் வயதில், ராணுவ மருத்துவப் படையில் குறுகியகாலப் பணி அதிகாரியாகச் சேரவிருக்கிறாள். டெல்லியில் நேர்முகத் தேர்வும் உடற்தகுதிப் பரிசோதனையும் முடிந்து, சேர்வதற்கான கடிதம் வந்து 12 நாட்கள் ஆகின்றன. இந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் என் அம்மா அவளிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட அழைப்பதற்குக்கூட எங்கள் ஆறு வயது மகளைத்தான் அனுப்புகிறார்.

வேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், அதுவும் ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் பெற்றுவிட்ட கம்மவான்பேட்டைக்கு அருகில் வசிக்கும் ஒரு குடும்பம், ராணுவம் என்ற சொல்லுக்கு இப்படிக் கலங்குவது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் இல்லாத வீட்டை எண்ணுவதுதான் எளிது. என் பெரியப்பா 1971 போரின்போது எல்லையில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டி இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. ஆயினும் இந்த ஊர் பார்த்ததெல்லாம் கல்யாணத்துக்கு முன்பே படைக்குப் போன பையன்களைத்தான். அக்னிவீரர்களுக்கும் சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது என்பதே விதி. பெண் கொடுப்பவர்கள் ‘மிலிட்டரி மாப்பிள்ளை’ என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். திருமணமாகி, பிள்ளை பெற்று, நிலையான வேலையில் இருக்கும் ஒருவர், அதிலும் வீட்டுக்கு வந்த மருமகள், ‘நான் போகிறேன்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதற்கு எங்கள் ஊரில் முன்மாதிரி இல்லை.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். அவள் என்னிடம் மறைத்துச் செய்தாள் என்று யாரும் எண்ண வேண்டாம். விளம்பரம் வந்த இரவிலேயே சொன்னாள். முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு வயது வரம்பு 35, இனித் தள்ளிப்போட முடியாது என்றாள். எனக்கு அன்று வேலைக் களைப்பு; “போட்டுப் பாரேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். கிடைக்காது என்ற நினைப்பில் கொடுத்த சம்மதம் அது. அவளோ அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடத் தொடங்கினாள். கடிதம் வந்த அன்று, ‘என்னைக் கேட்காமல்’ என்று தொடங்கிய என் வாக்கியத்தை என்னாலேயே முடிக்க முடியவில்லை. கேட்டிருந்தாள். நான்தான் காது கொடுக்கவில்லை.

அவள் சொன்ன காரணத்தை இங்கே எழுத வேண்டும். “இங்க நான் ஒரு நாள் லீவு போட்டா, சாயந்திரத்துக்குள்ள வேற ஒருத்தர் வந்து நிப்பாங்க. ஆள் கிடைக்காத இடத்துல ஒரு தடவையாவது வேலை செய்யணும்” என்றாள். தனியார் மருத்துவமனையில் அவள் ஈட்டும் வருமானத்தைவிட இது அதிகமில்லை என்பதை இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். ஆகவே பணத்தின் பெயரால் அவளைத் தடுக்கவும் முடியாது, தூண்டியது பணம் என்று குறை சொல்லவும் முடியாது.

மாமா, அதாவது அவளுடைய அப்பா, கேப்டன் பதவியிலேயே சேர்கிறாள் என்று உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தை பூஜை அறையை விட்டு வெளியே வருவதில்லை. மகளுக்கு அம்மா பச்சைச் சட்டை போடுவாள் என்பதில்தான் மகிழ்ச்சி. பணிக்காலமான ஐந்து ஆண்டுகள் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. விருப்பப்பட்டால் 14 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம் என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தில் எனக்கு வழி காட்டியவர் பெரியம்மா. 1971இல் அவருக்குப் பத்தொன்பது வயது, கையில் கைக்குழந்தை. பெரியப்பா இருந்த இடம் எது என்று அவருக்குத் தெரியாது. கடிதத்தின் மேல் பெயரும் எண்ணும் பிரிவும் எழுதி, கீழே ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவ அஞ்சலக எண்ணைப் போட வேண்டும். அது காஷ்மீரா, பஞ்சாபா என்று அந்த முகவரியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால், இடுப்பில் குழந்தையோடு கதவருகே போய் நின்றுகொள்வாராம். தந்தி வேறு வீட்டுக்கு என்று தெரிந்ததும் நிம்மதி வரும்; அந்த வீட்டை நினைத்தவுடன் அதற்காக வெட்கமும் வரும் என்றார். இதைப் பெரியப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லையாம். “அவர் கேட்டதே இல்லப்பா” என்றார்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றதாகவும், அவர்களில் 14 பேர் உயிர் நீத்ததாகவும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். சென்ற வாரம்தான், அந்த 277 வீடுகளிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்து, சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பெரியம்மா இருந்த இடத்தில் இப்போது நான் இருக்கப்போகிறேன். கைப்பேசி இருக்கும் காலம் என்பதால் என் பாடு எளிது என்று நம்பப் பார்க்கிறேன். ஆனால் ‘பீல்டு’ எனப்படும் களப் பகுதிக்குப் போட்டால் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது, எல்லா இடத்திலும் சிக்னலும் கிடைக்காது. 2023 டிசம்பரில் கேப்டன் கீதிகா கௌல் என்ற பெண் மருத்துவர் சியாச்சின் பனிமலையில் பணியமர்த்தப்பட்ட செய்தியை என் மனைவி சேமித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போது அவள் முகத்தில் தெரியும் ஒளி எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தப் பனி பிடிக்கவில்லை.

நேற்று படிவங்களை நிரப்பினோம். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு, ஒரு கணம் பேனாவை எடுக்காமல் இருந்தாள். “பயமா இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கு. உங்களுக்கு?” என்றாள். எனக்கும் இருக்கிறது என்று சொன்னேன். இத்தனை நாட்களில் நாங்கள் பேசிய முதல் உண்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

லக்னோவில் பயிற்சிக்கு அவள் காட்பாடியிலிருந்து ரயிலேற வேண்டும். அம்மா இன்று காலை, அவளை அல்ல, என்னைத்தான் கேட்டார்: வருடத்தில் அறுபது நாள் லீவு என்கிறார்களே, இரத்தினகிரி ஆடிக்கிருத்திகைக்கு வருவது போல எடுக்க முடியுமா என்று. அடுத்த அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே, “கேட்டுப் பாக்கறேன் அத்தை” என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவளுடைய தட்டைத் தானே எடுத்து வைத்தார்.